ஒரே கிதாரில் இரண்டு பேர்

பவானிபூர்க் கடைப் பரணில் கிடந்த வீடியோ கேசட்டுகளை இன்று இறக்கினேன். ஒன்றின் மூடியைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. மழைக்காலப் பூஞ்சையும் வீடியோ டெக்கின் ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட்டும் கலந்த நெடி. "உன் கடைக்குள்ள வந்தா ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்குடா" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். உடனே உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதனால் என்ன? இருந்தபோதும் நான் சொன்னதில் பாதியை நீ காதில் வாங்கியதில்லை.

உன் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, டி.வி.யில் பாட்டைப் படமாகக் காட்ட ஆரம்பித்த அன்றே ராக் இசை செத்துவிட்டது, உன்னைப் போன்றவர்களை ஓரங்கட்டியது அதுதான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வீடியோக்களைப் பதிவு செய்து இந்த வட்டாரத்தில் வாடகைக்கு விட்டவன் நான்தானே. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அன்று எழுந்து சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நீ பாலிகஞ்ச் ஃப்ளாட்டில் இருந்த வங்கி அதிகாரியின் மகன். நான் கிடர்பூர்த் துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் கேசட் வாங்கி, பிரதி எடுத்து, தோள்பையில் போட்டு விற்றவன். ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் கிதார்ப் பாட்டை உனக்கு விற்றது நான். பிரதியின் பிரதி. உறை கிடையாது, யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம் கிடையாது. உன் டேப்ரிக்கார்டருக்கோ ஒற்றை ஸ்பீக்கர். அதில் கேட்டதெல்லாம் ஒரே கிதார் என்று நம்பி, கட்டைவிரலால் தடித்த தந்திகளில் ஒரு இசைவரியும் மற்ற விரல்களால் மேலே இன்னொரு வரியுமாக வாசிக்கப் பழகினாய். வரவில்லை என்றபோது, அவர்கள் வெள்ளைக்காரர்கள், விரல் நீளம் என்றாய். நீ வங்கியில் சேர்ந்த வருடம்தான் முழுதாக வந்தது. அதற்குள் ஏழு வருடம்.

அப்புறம் டிஷ் ஆன்டெனா வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உன்னையும், உங்கள் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த வங்காளி பாச்சுவையும் கடைக்கு வரச்சொல்லி, முந்தின நாள் பதிவு செய்ததைப் போட்டேன். அதே பாட்டு. திரையில் புகை, அதற்குள் ஒரு கிதார்க்காரன். புகை விலகியதும் பக்கத்தில் இன்னொரு கிதார்க்காரன்.

பாச்சுதான் முதலில் சிரித்தான். "ஆரே, துஜொன்! ரெண்டு பேரு!" அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"திருப்பிப் போடு" என்றாய். நான்கு முறை திருப்பினேன்.

"ஏழு வருஷம் தப்பா வாசிச்சிண்டு இருந்திருக்கேன்."

"தப்பு என்னடா தப்பு? ஒரு சம்பளத்துல ரெண்டு ஆள் வேலை பாத்திருக்க."

நீ சிரிக்கவில்லை. அடுத்த வாரமே குழுவில் இரண்டாவது கிதார்க்காரனைச் சேர்த்துக்கொண்டு, மேல் வரியை அவனுக்குக் கொடுத்துவிட்டாய். கேட்டதற்கு, "ஒரிஜினல் அப்படித்தானே இருக்கு" என்றாய். அன்று உனக்கு வந்த கோபத்தைவிட எனக்கு அதிகம் வந்தது. உலகத்தில் ஒருவனுக்கு மட்டும் கைவந்த ஒன்றை, படத்தில் இல்லை என்று பாதியாக வெட்டிப் போட்டாய்.

வீடியோவைக் குறை சொல்லாதே. அதற்கு முன் இந்த ஊரில் ராக் என்றால் பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களும் கான்வென்ட் பிள்ளைகளும்தான். வீடியோ வந்த பிறகு குமாஸ்தா வீட்டுப் பெண் என் கடைக்கு வந்து, படத்தை நிறுத்திவைத்து, விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனாள். ஒரே மாதத்தில் வாசித்தும் காட்டினாள். காதால் மட்டும் கற்றிருந்தால் அவளுக்கும் ஏழு வருடம் ஆகியிருக்கும். இதை உன்னிடம் பத்து முறை சொன்னேன். "கண்ணால கேக்கறதுகள்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாய்.

ஒன்றில் மட்டும் நீ சொன்னது சரி. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சானலுக்காக உங்கள் குழுவை மொட்டை மாடியில் படம் எடுத்தார்கள். பாட்டு ஸ்பீக்கரில் ஓடும், நீங்கள் வாசிப்பதுபோல் நிற்க வேண்டும். கிதாரில் சொருகிய வயர் அசிங்கமாகத் தெரிகிறது, கழற்றுங்கள் என்றான் படமெடுத்தவன். நீ மாட்டேன் என்றாய்.

"சத்தமே வரப்போறதில்ல தாதா, வயர் எதுக்கு?"

"சத்தம் வராத கிதார் எனக்கு எதுக்கு?"

உன் வழுக்கையைப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். கிதாரைப் பெட்டியில் வைத்து, படியிறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ மேடை ஏறவில்லை. கேமரா முடி இருக்கும் பக்கம்தான் திரும்பும் என்று நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கேமராவை உடைப்பதா? நம் பக்கம் திருப்ப வேண்டும்.

அதனால்தான் ஒரு ஞாயிறு காலை ஹேண்டிகேமைத் தூக்கிக்கொண்டு உன் ஃப்ளாட்டுக்கு வந்தேன். பழைய மாதிரி வாசி, இரண்டு வரியும் சேர்த்து என்றேன். "அது தப்பான வாசிப்புடா" என்றாய். தப்பாகவே வாசி என்றேன். ரொம்ப நேரம் கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"மூஞ்சி வேண்டாம். கை மட்டும் எடு. வயர் சொருகிண்டுதான் வாசிப்பேன்."

நான்கு நிமிடம். ஒரு தடவைதான் வாசித்தாய். பத்து வருடத்துக்கு மேல் விட்டுவைத்திருந்தும் உன் கட்டைவிரல் ஒன்றையும் மறக்கவில்லை. முடித்துவிட்டு, நன்றாக இருந்ததா என்று கேட்கவில்லை.

நீ போன பிறகு அதை இணையத்தில் ஏற்றினேன். உன்னைக் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் பார்க்கிறார்கள். நேற்று ஒருவன் எழுதியிருக்கிறான்: இதை ஒரே ஆள் வாசிக்க முடியாது, இரண்டு பதிவுகளை ஒட்டியிருக்கிறார்கள். இன்னொருவன் கேட்கிறான்: நேர்மையானவர் என்றால் முகத்தை ஏன் மறைக்கிறார்?

இரண்டு பேரை ஒருவன் என்று நினைத்தவன் நீ. உன்னை இவர்கள் இரண்டு பேர் என்கிறார்கள்.

எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் ஒருவரை விடாமல் எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன். ஒரே ஆள், ஒரே கிதார், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நம்பாதவர்கள் பவானிபூருக்கு நேரில் வரலாம். கடை பதினொரு மணிக்குத் திறக்கும்.