காட்டப்படாத இரண்டாவது வாக்கியம்

அனுப்புநர்:
க. அழகரத்தினம்,
செய்தியாளர் (ஓய்வு),
தேற்றாத்தீவு.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
வாவிக்கரைச் சிறுவர் காலநிலைக் குரல் செயற்திட்டம்,
மட்டக்களப்பு.

விடயம்: மாணவி தி. கம்சாயினியின் வகுப்புப் பேச்சைச் சுருக்கி ஆற்றுவாய்க் கூட்டத்தில் காட்டியமையும், நிறைவு விழாவில் அவரைப் பேச வைக்கும் ஏற்பாட்டை நிறுத்தக் கோரலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. காலநிலை மாற்றம் பற்றிய தம் கருத்தைப் பிள்ளைகள் தாமே சொல்லப் பழகுவதற்கென, தங்கள் செயற்திட்டத்தின் கீழ் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்துவந்தது. அதை நடத்தியவர் காத்தான்குடி ஆசிரியை நஸீபா. நான் அவருக்கு உதவியாக இருந்தேன். தேற்றாத்தீவுப் பிள்ளைகளும் காத்தான்குடிப் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். இம்மனுவைக் கம்சாயினியின் பெற்றோருக்கு வாசித்துக் காட்டி, அவர்களின் சம்மதத்துடன் அனுப்புகிறேன்.

2. எங்கள் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் பழகியவர்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பாடமாக்கி, கையை ஆட்டி ஒப்புவிப்பார்கள். பனிமலை உருகுவதைப் பற்றி எல்லாருக்கும் பேசத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டுக்குள் எந்த மாதம் வெள்ளம் வந்தது என்று கேட்டால் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார்கள். ஆகவே நஸீபா ஒரு விதி வைத்தார். எழுதிக்கொண்டு வரக்கூடாது. தன் பக்கத்தைப் பேசுவதற்கு முன்னர், எதிர்ப் பக்கத்தாரிடம் போய்க் கேட்டு, அவர்கள் பக்கம் நின்று பேச வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளை தலையாட்டினால்தான் பேச்சுத் தேறியதாகக் கணக்கு.

3. தாங்கள் வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் ஒன்றை விளக்க அனுமதியுங்கள். வாவியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டை மாரியில் வெட்டி விடுவதை ஆற்றுவாய் வெட்டுதல் என்கிறோம். வெட்டினால் வாவியின் மேற்கே படுவான்கரையில் தாழ்ந்து கிடக்கும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வெள்ளம் வடியும். முந்தி வெட்டினாலோ வளராத இறால் கடலோடு போய்விடும். வாவியில் இறால் பிடிக்கும் தோணிக்காரர்களுக்கு அந்த வருடப் பிழைப்பு இல்லை. முன்பு மழையின் போக்கை வைத்து இரு பக்கமும் ஒரு நாளுக்கு உடன்பட்டன. இப்போது மழை பிந்துகிறது, அல்லது ஒரு மாதத்து மழை ஒரே மூச்சில் கொட்டுகிறது. வெட்டும் நாள் எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் பேச எடுத்தது இதைத்தான்.

4. கம்சாயினி எட்டாம் தரத்தில் படிக்கிறாள். தந்தை திவாகரன் படுவான்கரையில் வேளாண்மை செய்பவர். பேசுவதற்கு முன்னர், வகுப்புக்கு வரும் றிப்ஷானின் தந்தையான காத்தான்குடித் தோணிக்காரர் றவூப்பிடம் போய்க் கேட்டாள். "வட்டைக்காரன்ட மகளுக்கு இறால் கணக்கு என்னத்துக்கு? நாளைக்கு எங்கட தோணியையும் உழுதிருவீங்க போல" என்று அவர் பகிடி பண்ணினாராம். "சொல்லுங்க மாமா, நான் பிழையாச் சொன்னா உங்கட மகன் தலையாட்டமாட்டான்" என்றாளாம் இவள்.

வகுப்பில் அவள் இப்படித் தொடங்கினாள்: "நான் வட்டைக்காரன்ட மகள். இப்ப தோணிக்காரர் பக்கம் நிண்டு பேசுறன். மழைக்குப் பயந்து ஆத்துவாய வெட்டிப் போட்டா, வராத மழைக்கு எங்கட இறாலக் குடுத்த மாதிரி. கொஞ்சம் பொறுங்க."

றிப்ஷான் தலையாட்டினான். பிறகு அவன் எழுந்து விவசாயிகள் பக்கம் நின்று பேசினான். "இறாலுக்கு நீந்தத் தெரியும். எங்கட பயிருக்குத் தெரியா. கெதியா வெட்டுங்க" என்றான். வகுப்பே சிரித்தது, கம்சாயினியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தங்கள் கள உத்தியோகத்தர் இரண்டு பேச்சையும் கைபேசியில் பதிவு செய்தார்.

5. நவம்பர் முதல் வாரம் ஆற்றுவாய் வெட்டுவது குறித்துக் கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். உடனே வெட்ட வேண்டும் என்று விவசாயிகள் கேட்டபோது, கள உத்தியோகத்தர் திரையில் கம்சாயினியைக் காட்டினார். "நான் வட்டைக்காரன்ட மகள்" என்ற முதல் வாக்கியம் இருந்தது. இரண்டாவது வாக்கியம் இல்லை. அடுத்து இறால், மழை, "கொஞ்சம் பொறுங்க." றிப்ஷானின் பேச்சு காட்டப்படவேயில்லை. "விவசாயியின் பிள்ளையே கேட்கிறது" என்றார் உத்தியோகத்தர். பலர் கைதட்டினார்கள். இது வகுப்புப் பயிற்சி என்று நான் எழுந்து சொன்னேன். சிறுவர் குரலைப் பெரியவர்கள் மறுக்கலாகாது என்று என்னை அமரச் சொன்னார்கள்.

வெட்டுவது ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு அந்தக் காட்சி மட்டுமே காரணம் என்று நான் எழுதமாட்டேன். வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஊருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றே.

6. அடுத்த வாரம் மழை கொட்டியது. ஆற்றுவாயை வெட்டி வெள்ளம் வடிந்தபோது தாழ்ந்த வட்டைகளில் பயிர் அழுகிக் கிடந்தது. திவாகரனின் வயலும் அதில் ஒன்று.

கம்சாயினி கடைக்குப் போனால், "ஆத்துவாயப் பூட்டி வெச்ச பிள்ளை போகுது" என்கிறார்கள். அவள் பெரியம்மா என்று அழைத்து வளர்ந்த பெண்களே சொல்கிறார்கள். றவூப் தேற்றாத்தீவுக்கு வந்து, பிள்ளை பேசியது தன் பக்கத்தை என்று விளக்கினார். அவர் பிள்ளைக்கு ஏதோ சொல்லிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று கதை வேறு விதமாகத் திரும்பியது. அதன் பின் காத்தான்குடிப் பிள்ளைகளைப் பெற்றோர் வகுப்புக்கு அனுப்பவில்லை.

திவாகரன் மகளைத் திட்டவில்லை. அவளோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. தாய் இராசாத்தி என்னிடம் சொன்னது: "ரெண்டு ஏச்சு ஏசினா நல்லம் போலக் கிடக்கு சேர். இப்பிடி இருந்தா அவள் என்னெண்டு நினைக்கிற?"

7. இவற்றைத் தங்களுக்கு இரு முறை எழுதினேன். பதிலாக வந்தது அழைப்பிதழ். எதிர்வரும் நிறைவு விழாவில் கம்சாயினிக்கு இளம் காலநிலைத் தூதுவர் என்ற விருது வழங்கப்படும் என்றும், அவள் மேடையில் உரையாற்றுவாள் என்றும் அதில் இருந்தது. உரையையும் தங்கள் அலுவலகமே எழுதி அனுப்பியிருக்கிறது. அதில் பனிமலை உருகுகிறது. வாவி என்ற சொல் இல்லை.

விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம் என்று நஸீபா அவளிடம் சொன்னார். அவளது பதிலை அப்படியே தருகிறேன்: "இல்ல டீச்சர், பேசுறன். எழுதித் தந்தது எண்டாப் பயமில்ல. நான் சொன்ன எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க தானே."

8. அழிந்த பயிரைத் தங்களிடம் கேட்கவில்லை. கேட்பவை இவை. கள உத்தியோகத்தர் தேற்றாத்தீவுக்கு வந்து, இரு பிள்ளைகளின் பேச்சையும் முழுமையாக ஊர்முன் போட்டுக் காட்ட வேண்டும். தான் எதை நீக்கினார் என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். விருதையும் உரையையும் தாங்கள் திரும்பப் பெற வேண்டும். இவை நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஐயா, பிள்ளை இப்போது பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள். கெட்டிக்காரி. எங்கும் தடுக்காமல் ஒப்புவிப்பாள். மண்டபம் கைதட்டும். தங்கள் செயற்திட்டம் வெற்றி என்று எழுதப்படும். அதற்கு முன்னர் தாங்கள் இதில் தலையிட வேண்டும் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். நான்காம் முறை கேட்க நேர்ந்தால், விழா முடிந்திருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
க. அழகரத்தினம்

இடம்: தேற்றாத்தீவு
திகதி: 17.02.2025