சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

என்னங்க,

உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. உயிரோடு இருந்தபோது கூப்பிடாத பேரை இப்போது எழுதவும் கை வரவில்லை. இந்த ஒரு வார்த்தைக்குத் திரும்பிப் பார்ப்பீர்களே, அது போதும்.

முதலில் வீட்டுச் சேதி. எனக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. செல்வி பத்தாவது போகிறாள். வீடு ஒரு கோடி, ஹைஸ்கூல் ஒரு கோடி என்பதால் ஜமால் பாய் தன் சைக்கிள் கடையிலிருந்து அவளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்திருக்கிறார். உங்கள் சைக்கிள் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது, முன்சக்கரம் எட்டாக வளைந்து. போய்க் கேட்டால், "கேஸ் முடியட்டும்மா" என்கிறார்கள்.

கடைவீதியில் கல் லாரி உங்களை அடித்துப்போட்ட பிறகு சைக்கிள்காரர்கள் எல்லாரும் மனு கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹைஸ்கூல் வரை ரோட்டோரம் நாலடி இடம், சைக்கிளுக்கு மட்டும். லாரி அதற்குள் வரக்கூடாது. "ஒரு வாரம் பாக்கறேன். சைக்கிள் போவலைன்னா அழிச்சுருவேன்" என்றார் நகராட்சி அதிகாரி. பெயிண்டுக்கு வழியில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? மூட்டையை அவிழ்த்து, வெள்ளை வெளேரென்று நீளமாகக் கோடு போட்டுவிட்டார்கள்.

அங்கேதான் கெட்டது. நம் ஊரில் ரோட்டில் சுண்ணாம்புக் கோடு எப்போது போடுவார்கள்? அடிபட்டவர் கிடந்த இடத்தைச் சுற்றிப் போலீஸ்காரர் போடுவார். உங்களைச் சுற்றியும் போட்டார். மழையில் கரைகிறவரை அதை யாரும் மிதிப்பதில்லை. மிதித்தால் போனவர் கூடவே வருவார் என்பார்கள். மனு எழுதிய இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்! மறுநாள் காலையில் சைக்கிள்கள் எல்லாம் கோட்டுக்குப் பயந்து விலகி, லாரியை ஒட்டி முன்னைவிட நெருக்கமாகப் போயின. கோட்டுக்குள் ஒரு நாய்கூட நடக்கவில்லை.

"உள்ளார போயேன்டி!" என்று செல்வியைப் பார்த்துக் கத்தினேன்.

"மாட்டேம்மா. அப்பா அதுக்குள்ள படுத்திருக்கற மாரியே இருக்கு."

அவளுக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம், கோடாகத் தெரிந்தால்தானே பயம், பாதையாகத் தெரியட்டும் என்று ஜமால் பாய் அந்த நாலடி முழுக்கவும் சுண்ணாம்புத் தூளைத் தூவினார். விடிந்ததும் எனக்கு ஆள் அனுப்பினார். ஓடினேன். தூளில் ஒரே ஒரு சைக்கிள் தடம். நீங்கள் விழுந்த இடத்தில் தொடங்கி, ஹைஸ்கூல் கேட் வரை போய் நின்றிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. காலடியும் இல்லை.

பாய் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னப் புடைப்பு பதிந்திருந்தது. "அவரு சைக்கிளோட கிழிஞ்ச பின் டயருக்கு உள்ளார நான் வச்ச கேட்டர் துண்டும்மா இது. எங் கைவேல எனக்குத் தெரியாதா? யா அல்லா..."

ஸ்டேஷனுக்குப் போனேன். வளைந்த முன்சக்கரத்தோடு அந்தச் சைக்கிளை நாலடிகூட உருட்ட முடியாது. ஆனால் பின் டயர் முழுக்கச் சுண்ணாம்பு. காவலுக்கு நின்றவரிடம் காட்டினேன். "காத்துல பறந்து வந்துருக்கும், போம்மா" என்றார். வேப்பிலை ஒன்றில்கூட வெள்ளை இல்லை.

ஏழாம் நாள் அதிகாரி வந்துவிட்டார். கூடவே துடைப்பமும் தண்ணீர் வாளியுமாக இரண்டு ஆள். சைக்கிள்காரர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"எம் புருசன் போன தடம்யா இது! செத்தும் அவரு ஓரமாத்தான் போறாரு. உசுரோட இருக்கற ஒங்களுக்கு என்னய்யா கேடு?"

கத்திவிட்டுச் செல்வியைப் பார்த்தேன். ஏன் அவளைப் பார்த்தேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். அவள் ஏறி மிதித்துக் கோட்டுக்குள் போனாள். பின்னாலேயே ஜமால் பாய் போனார், பால்காரர் போனார், அப்புறம் எல்லாரும் போனார்கள். அதிகாரி வாளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் கடைவீதியில் ஒரு சைக்கிள்காரரும் விழவில்லை. சந்தோஷப்படுங்கள். ஆனால் உள்ளே போகிறவர்கள் எல்லாரும் ஓரத்தில் ஒரு சைக்கிள் அளவுக்கு இடம் விட்டுத்தான் போகிறார்கள். அப்படிப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. செல்வி மட்டும் அந்த ஓரத்திலேயே போகிறாள்.

"மிதிக்கவே வேண்டாம்மா. கேரியரைப் புடிச்சு யாரோ தள்ற மாரி அதுவா போவுது" என்று சிரிக்கிறாள்.

நேற்று ஹைஸ்கூல் கேட்டில் இறங்காமல், கோடு முடிந்த பிறகும் ரயில்வே கேட் வரை போய்விட்டாள். ஏன்டி என்றேன். "நிறுத்தத் தோணலம்மா" என்றாள். அப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என்னங்க, அவளைக் காப்பாற்ற வருகிறீர்களா, கூட்டிப்போக வருகிறீர்களா? ஊரே விலகி நின்ற கோட்டுக்குள் பெற்ற பெண்ணை முதல் ஆளாக அனுப்பினேனே, அதற்காகவா? உங்களுக்கு அவள்மேல் எத்தனை ஆசை என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

நாளையிலிருந்து நானும் சைக்கிள் பழகப்போகிறேன். ஜமால் பாயிடம் சொல்லிவிட்டேன். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஒருத்தி விழுந்து எழுவதைக் கடைவீதியே வேடிக்கை பார்க்கட்டும். தினமும் அவள் பின்னாலேயே வருவேன். ஸ்கூல் வாசலில் அவளை விட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அதற்கு மேலும் தனியாகப் போக முடியவில்லை என்றால் என் பக்கம் திரும்புங்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் வருவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
செல்விக்கு அம்மா