இருபத்து நான்கு பங்கு

அன்புள்ள ராத்தாவுக்கு,

உன்மீதும் மச்சான்மீதும் பிள்ளைமீதும் அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும். உம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை; மற்றபடி இருக்கிறாள். அவள் கண்ணயர்ந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியவாப்பா அறையில் இருமல் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் மதரஸாவில் இந்த வருடம் சொத்துப் பங்கீட்டுப் பாடம் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கு அது காலங்காலமாக உண்டு. பெண்களுக்கு எதற்கு என்று நிர்வாகிகள் விட்டிருந்தார்கள். எங்களுக்குப் பாடம் சொல்லப் புதிதாக வந்த ஆலிமாதான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தார். முற்கால அறிஞர்கள் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து பாடம் சொன்ன காலத்திலேயே இந்தக் கணக்கு இருந்தது, பெண்களும் உட்கார்ந்து படித்தார்கள், சிலர் ஆண்களுக்கே ஆசிரியர்களாக இருந்தார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். எங்களுக்குக் கொட்டாவி. கணக்கு என்றதும் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஒரு மவுத்தை, இறந்தவர் பெயரைச் சொல்லாமல், கொண்டுவந்து பலகையில் பங்கு பிரிக்க வேண்டும். அதுதான் ஆலிமாவின் வழக்கம். எனக்கு வேறு யாரையும் தெரியவில்லை. நம் வாப்பாவின் மவுத்தைக் கொண்டுபோனேன். ஒருவர் இறந்தார், பெற்றோர் முன்பே போய்விட்டார்கள், மனைவி, இரண்டு மகள்கள், ஓர் அண்ணன், சொத்தாக முன்பக்கம் கடையுள்ள ஒரு வீடு. இருபத்து நான்காகப் பிரித்தால் மனைவிக்கு மூன்று, மகள்களுக்கு எட்டெட்டு, மிச்சம் ஐந்து அண்ணனுக்கு. விடை சரி என்று ஆலிமா முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவாப்பாவின் மகள்தான், "ஏய், இது நம்ம வீடு மாதிரியே இருக்குடி. அப்ப நாங்கதான் உங்க வீட்டுல இருக்கோமா?" என்று சிரித்தாள். அவள்மேல் தப்பில்லை. வீட்டில் ராத்திரி சாப்பிடும்போது அதையே வேடிக்கையாகச் சொல்லிவிட்டாள்.

பெரியவாப்பா சத்தம் போடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். அவர் தயவில்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்த உம்மா, பாத்திரம் துலக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "பங்கு எனக்கும் தெரியும்டி. தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

நாளை நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகிகள் முன்னால் நான் நிற்க வேண்டும். பெரியவாப்பாவும் அவர்களில் ஒருவர் என்பது உனக்குத் தெரியும்; புகார் கொடுத்தவரும் அவர்தான். ஆலிமா தூண்டிவிட்டார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அவரை அனுப்பிவிடுவார்கள், பாடமும் நின்றுவிடும், நாங்கள் பழையபடி இங்கேயே இருக்கலாம். சொல்லாவிட்டால், "உன் உம்மாவைக் கூட்டிக்கிட்டு நீயே எங்கயாவது பங்கு பிரிச்சுக்க" என்கிறார்.

மதரஸாவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆலிமா இன்றும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், ராத்தா. தடங்கல் இல்லாமல் வருகிறது. அதுதான் எனக்குப் பயம். ஆனால் ஆலிமா தூண்டவில்லை. நானாகத்தான் வாப்பாவைக் கொண்டுபோனேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் நாளையும் போய்விட்டிருக்கும். உன் எட்டுப் பங்குக்காகப் பெரியவாப்பாவிடம் சண்டை போடச் சொல்லவில்லை. மச்சான் நல்ல மனதோடு இருக்கும் நேரம் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டு வை. உம்மா கால் நீட்டிப் படுக்க உங்கள் வீட்டில் ஒரு மூலை இருக்குமா? அவளுக்கு மட்டும் கேள், போதும். அல்லாஹ் உன் வீட்டை எப்போதும் கதவு திறந்த வீடாக வைக்கட்டும்.

உன் துஆவை எதிர்பார்க்கும்
தங்கை