வெருளிக்குப் போட்ட ஜேர்சி

தம்பி,

நீ அனுப்பிய ஒல்லாந்து அணியின் செம்மஞ்சள் ஜேர்சியை நேற்று வெருளிக்குப் போட்டுவிட்டேன். பின்வளவில் கச்சான் கடலை போட்டிருக்கிறேன். மயில்கள் கூட்டமாக வந்து கிண்டித் தள்ளுகின்றன. இரண்டு தடியைக் குறுக்காகக் கட்டி, வைக்கோல் திணித்து, தலைக்கு ஓட்டைச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதற்கு உன் ஜேர்சியை மாட்டினேன். உன் நினைவுக்காகச் செய்யவில்லை. ஒல்லாந்துக்காரரை அவமானப்படுத்தத்தான் செய்தேன். இம்முறையும் உலகக் கிண்ணத்திலிருந்து வெளியேறிவிட்டார்கள். அதுவும் பெனால்ரியில்.

இன்று காலை பல் தீட்டிக்கொண்டு பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கைகளை அகல விரித்துக்கொண்டு, உடம்பு சற்று முன்னால் சரிந்தபடி, நீ கோலுக்குள் நிற்கிறாய்.

தெல்லிப்பழைப் பள்ளிக்கூட மைதானத்தில் நீ நின்றதும் அப்படித்தான். மற்றவர்களெல்லாம் கோல் அடிக்க ஆசைப்பட்டு ஓடும்போது, நீயாகப் போய்க் கம்பங்களுக்கு நடுவில் நிற்பாய். எப்படிப் பிடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"பந்தைப் பாக்கக்கூடாது அண்ணை. உதைக்கிறவன்ரை இடுப்பைப் பாக்கவேணும். காலும் கண்ணும் பொய் சொல்லும், இடுப்புச் சொல்லாது."

பிறகு நீ கனடாவுக்கென்று வெளிக்கிட்டாய். கூட்டிப் போனவன் உன்னை ஒல்லாந்தில் விட்டுவிட்டு மறைந்தான். அதுவரை ஊரில் பாதிப் பேரைப் போல நானும் பிரேசில்காரன். நீ அங்கே நின்றுவிட்டாய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஒல்லாந்துக்காரன். நூறு வருடத்துக்கு மேல் எங்களை ஆண்டு, கோட்டை கட்டி, வரி வாங்கிப் போனவனுக்குக் கைதட்டுகிறானே என்று ஊர் சிரித்தது. ஊரை விடு, அகதி முகாமிலிருந்து நீயே சிரித்தாய்.

"ஒல்லாந்தன் எங்களுக்குத் தந்த சொல் ரண்டு அண்ணை. ஒண்டு அலுவல் பாக்கிற கந்தோர், மற்றது கக்கூசு. இஞ்சை ரண்டுக்கும் வரிசையிலை நிக்கிறன்."

நான் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு. தினமும் நான் புரட்டுகிற சட்டத்தில் அவன் விட்டுப்போனதும் கிடக்கிறது என்று வீறாப்பாகச் சொன்னேன். "எங்கடை ஆக்கள் இந்தமுறை கிண்ணம் எடுப்பினம்" என்றும் சொன்னேன். அதற்கு நீ சொன்னாய்:

"என்னைத் தங்கடை ஆள் எண்டு சொல்ல இவங்களுக்கு எத்தினை வருசம் எடுக்குமோ தெரியாது. நீங்கள் ஒரே நாளிலை எங்கடை எண்டிட்டியள்."

ஆனாலும் ஆட்டம் வந்தால் தொலைபேசியில் நீ இருப்பாய். நீ அங்கே, நான் இங்கே, ஒரே ஆட்டம். உன் தொலைக்காட்சி என்னுடையதைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும். பந்து என் திரையில் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதே நீ "ஐயோ!" என்று கத்துவாய். கோல் விழப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும். "வாயை மூடடா, என்னைப் பாக்க விடு" என்று ஒவ்வொரு முறையும் உன்னை ஏசினேன். எத்தனையோ தோல்விகளை உன் குரலில் கேட்ட பிறகுதான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன மார்கழியில் உன் இதயம் நின்றுபோனது. உன்னை எரிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று கொழும்புக்கு ஓடினேன். விசாக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் கடதாசிகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன உத்தரவாதம்?"

யாரிடம் கேட்டாள்! சண்டை துரத்திய ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவனிடம் கேட்டாள். எங்கள் ஊரை இராணுவம் முட்கம்பி போட்டு அடைத்து வைத்திருந்த காலமெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில் காத்துக் கிடந்து, திறந்த முதல் நாளே கத்தியோடு உள்ளே போய்ப் பற்றை வெட்டியவனிடம் கேட்டாள். சொன்னேன். அவள் என் முகத்தையும் பார்க்கவில்லை, இடுப்பையும் பார்க்கவில்லை. இந்தப் பகுதியில் எந்தக் காணி எவருடையது என்று நான் கையெழுத்து வைத்தால் நீதிமன்றம் ஏற்கிறது. நீ என் தம்பி என்பதைக்கூட அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நான் வீட்டுக்குத் திரும்புவேன் என்பதை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்கள்.

உன் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். பெட்டியை மூடும் நேரம் படம் அப்படியே உறைந்துபோனது. மூடினார்களா என்று முந்திச் சொல்வதற்கும் நீ இல்லை.

அதன் பிறகும் இந்த முறை ஆட்டம் பார்த்தேனே, அந்தக் கோபம்தான் பெரிய கோபம். பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்தவன், முதல் ஆட்டத்தன்றே ஜேர்சியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோற்ற அன்று விடியற்காலையில் எழுந்து கைபேசியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே. ஆட்டம் பெனால்ரிக்குப் போனது. ஒல்லாந்தின் கோல் காப்பாளன் ஒவ்வொரு முறையும் உதைக்கு முன்னமே ஒரு பக்கம் பாய்ந்து விழுந்தான், மரம் சாய்வதுபோல.

"இடுப்பைப் பாரடா! மடையா, இடுப்பைப் பார்!" என்று கத்தினேன்.

உன் அண்ணி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "ஆரோடை கதைக்கிறியள்?" என்றாள். பிறகு மேசையில் கிடந்த கைபேசியைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

கடைசி உதை. எங்களுடையவன் ஓடி வந்தான். கைபேசி சத்தம் போடவில்லை. "ஐயோ" வரவில்லை. வராதபடியால், அடித்துவிடுவான் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன், தம்பி. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. முதல்முறையாக ஒரு தோல்வியை யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் நானே பார்த்தேன்.

பகல் சந்திக் கடைக்குப் போனால், பக்கத்து வளவுச் செல்லத்துரையர் எனக்காகவே காத்திருந்தார். "என்ன நொத்தாரிசார், உங்கடை வெள்ளையள் மூட்டை கட்டிட்டினமாம்?" என்றார். முதல்நாள் வரை ஒல்லாந்துக்கு வாழ்த்துப் போட்டவர்கள் எல்லாரும் வென்ற நாட்டின் கொடியைக் கைபேசியில் மாற்றிவிட்டுச் சிரித்தார்கள். ஒருவரையும் நான் மன்னிக்கப் போவதில்லை. மூட்டை கட்டினவர்கள் விமானத்தில் ஏறி நேரே வீட்டுக்குப் போயிருப்பார்கள். திரும்பிப் போவீர்களா என்று அவர்களிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அவங்கள் எங்கடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்த வேகத்தில்தான் ஜேர்சியைக் கழற்றி வெருளிக்கு மாட்டினேன்.

இன்று காலை நான் கச்சானுக்கு நடுவில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, செல்லத்துரையர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பறவாயில்லையே, நொத்தாரிசார். ஒரு மயிலும் உள்ளை வரேல்லைப் போலை."

"அவன் விடமாட்டான்" என்றேன்.

"ஆர்?"

அவர் ஜேர்சியைக் கூர்ந்து பார்த்தார்.

"நேற்று அவங்களை அந்தப் பேச்சுப் பேசினியள். உது அவங்கடை உடுப்பெல்லே?"

யாருடையது என்ற கேள்விக்குச் சாட்சி வைத்து, எல்லை பார்த்து, ஒரு சொல் பிசகாமல் பதில் எழுதுவதுதான் என் தொழில். அந்தப் பெண்ணின் மேலும், அந்தக் காப்பாளன் மேலும், அவ்வளவு தூரம் போய்ச் செத்த உன் மேலும் எனக்குள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. வெருளி காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. போய் நிமிர்த்தி, தடியைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினேன்.

"இல்லை. எங்கடை" என்றேன்.

உன் அண்ணை