இருபத்தெட்டு யூரோப் போத்தல்

மே 14, புதன்

இண்டைக்குக் காலமை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பத்துப் பெட்டி வந்தது. மத்தியானத்துக்கு முதல் ஒண்டும் மிச்சமில்லை. பெட்டி முப்பத்தைஞ்சு யூரோ. ஒருத்தரும் விலை கேக்கேல்லை, "இருக்கோ?" எண்டுதான் கேட்டவை. "பத்துப் பெட்டி மட்டும்" எண்டு நான் கடைக் கதவில எழுதி ஒட்டினது இவருக்குப் பிடிக்கேல்லை. ஏமாத்தாம். என்ன ஏமாத்து? பத்துத்தானே வந்தது!

பின்னேரம் அக்‌ஷரா வந்தாள். என்ர மகள் இரசாயனம் படிச்சு, நல்ல ஆய்வுகூட வேலையை விட்டிட்டு, ரெண்டு வருசமா போர்த் து லா ஷப்பெல் பக்கம் மரியான் எண்ட பிரெஞ்சுக்காரியின்ர சின்னப் பட்டறையில பியர் காய்ச்சிறாள். சொந்தக்காரருக்கு நாங்கள் சொல்லுறது, "உணவுத்துறையில இருக்கிறாள்." பொய்யில்லைத்தானே.

அவளுக்கு இண்டைக்கு ஒரே சந்தோசம். போன வருசம் தானே காய்ச்சி, கொன்யாக் பிராண்டி இருந்த மரப்பீப்பாவில ஊத்தி வச்ச கறுப்புப் பியர் அடுத்த மாசம் வெளியில வருதாம். நூற்றிருபது போத்தல் மட்டும்தான். ஒரு போத்தல் இருபத்தெட்டு யூரோ. மரியான் பதினெட்டுப் போதும் எண்டவவாம். இவள்தான் விடாப்பிடியா இருபத்தெட்டில நிண்டிருக்கிறாள்.

இருபத்தெட்டு! என்ர கடையில தகர ரின்னில வாற பியர் ஒண்டரை யூரோ. அதையே கூட எண்டு சண்டை பிடிக்கிற சனம்.

"உனக்கென்ன விசரோ பிள்ளை?" எண்டன்.

"நீங்கள் மாம்பழம் என்ன விலைக்கு வித்தனீங்கள் அம்மா?" எண்டு கேட்டிட்டுப் போட்டாள்.

மே 15, வியாழன்

மாம்பழமும் பியரும் ஒண்டோ? மாம்பழம் திண்டா வயிறாவது நிறையும்.

மே 25, ஞாயிறு

விடுப்புப் பாக்காம, என்ன ஏது எண்டு அறியாம, இருக்கேலாது எனக்கு. கடையை இவரிட்டை விட்டிட்டுப் பட்டறைக்குப் போனன்.

பீப்பா ரெண்டு. படுத்த எருமை மாதிரிக் கிடக்குதுகள். ஒண்டு ஜூனில போத்தலுக்குப் போகுதாம், மற்றது நவம்பர் வரைக்கும் கிடக்குமாம். பதினாலு மாசத்தில உள்ளுக்கு இருந்ததில பத்தில ஒரு பங்கு மரத்துக்குள்ளால ஆவியாப் போட்டுது எண்டாள். அதைத் தேவதையளின்ர பங்கு எண்டு இஞ்சை சொல்லுறவையாம்.

"தேவதையள் குடிச்சதுக்கும் சனமோ காசு குடுக்கிறது?" எண்டு கேட்டன்.

கேட்டிட்டு வாயை மூடினன். ஏனெண்டா நெத்தலிக் கருவாடு ஒரு மூடை வாங்கி ஒரு மாசம் வச்சிருந்தா அரைக் கிலோ காய்ஞ்சு போகும். அந்த அரைக் கிலோவின்ர காசையும் நான் விலையிலதான் போடுறனான். தேவதை எண்டு சொல்லுறதில்லை, அவ்வளவுதான்.

விளங்காதது ஒண்டுதான். என்ர கடையில ஒரு சாமான் பதினாலு மாசம் கிடந்தா அரை விலைக் கூடைக்குள்ள போடுவன். இஞ்சை கிடக்கக் கிடக்க விலை ஏறுது! ஏன்? கொன்யாக் மணமோ, பொறுமைக்குக் காசோ, இல்லாட்டி வெறும் பகட்டு எடுப்போ? எல்லாத்தையும் கேட்டன். எனக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே அவள் பீப்பாவில காதை வச்சுக் கேட்டுக்கொண்டு நிண்டாள். பிள்ளைத்தாச்சி வயித்தில காது வைக்கிற மாதிரி.

வெளிக்கிடேக்கை மரியான் மறைக்காமச் சொன்னா. அக்‌ஷராவின்ர கொந்த்ரா, அதுதான் வேலை ஒப்பந்தம், ஜூனோட முடியுது. அவள் வச்ச விலைக்கே இந்தப் பியர் போச்சுது எண்டா நிரந்தர வேலை, வருசா வருசம் சொந்தப் பீப்பா. போகாட்டி கொந்த்ரா புதுப்பிக்க வசதியில்லை.

மே 26, திங்கள்

இவருக்குச் சொன்னன். "விக்காட்டி நல்லம். ஆய்வுகூடத்துக்குத் திரும்பிப் போவாள்" எண்டார். எனக்கு வந்த கோவம்! போன கிழமை வரைக்கும் எனக்கும் உதே எண்ணம்தான் எண்டதை அவருக்குச் சொல்லேல்லை.

ஜூன் 11, புதன்

ரெண்டு வருசம் மூடி வச்ச கதையை ஒரே நாளில நானே ஊருக்குச் சொல்லிப்போட்டன். காலமை துடங்கின போன், காது சுடுது.

வேற என்ன செய்யிறது? வாற சனிக்கிழமை பட்டறையில விற்பனை. நூற்றிருபது போத்தல். ஆளுக்கு ரெண்டுதான் குடுப்பினமாம். அப்ப அறுபது பேர் வேணும். இருபத்தெட்டு யூரோவுக்கு அறுபது விசரரை அவள் எங்கை பிடிக்கிறது?

முதல்ல இம்மாகுலேற் அக்காவுக்கு எடுத்தன். கடைக்கு இருபது வருசமா வாறவ, எபினேயில இருக்கிற எங்கட சனத்தில பாதி அவவின்ர சொல்லைக் கேக்கும். வெக்கத்தோட சொன்னன். "சேர்ச்சில பூசை வைக்கிற சுவாமி வைன் குடிக்கிறேல்லையோ? பியரில என்னடி வெக்கம்?" எண்டா. எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

ஆனா எங்கட முகங்களைக் கண்டா அக்‌ஷரா பிடிச்சிடுவாள். அதுக்கும் வழி கண்டுபிடிச்சம். எங்கட ஆம்பிளையள் முக்கால்வாசிப் பேர் ரெஸ்ரோரன்ற் குசினியளில. ஒவ்வொருத்தரும் கூட வேலை செய்யிற ஆளை அனுப்பிறது. மாலி நாட்டுக்காரர், போர்த்துக்கல்காரர், பிரெஞ்சுப் பெடியள், ஆர் எண்டாலும் சரி. காசு எங்கட ஆக்கள் குடுப்பினம், போத்தலும் எங்கட ஆக்களுக்கு. அவையின்ர கலியாணம் காட்சிக்கெல்லாம் நான் வெறுங்கை வீசிக்கொண்டோ போனனான்?

ஜூன் 14, சனி

முடிஞ்சுது! மத்தியானத்துக்குள்ள நூற்றிருபதும் முடிஞ்சுது! அக்‌ஷரா போனில அழுறாள், சிரிக்கிறாள். "எல்லாம் தெரியாத ஆக்கள் அம்மா! இருபத்தெட்டு, ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை!"

மரியான் திங்கட்கிழமை கொந்த்ராவை எழுதுறன் எண்டவவாம்.

நான் மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டு நிண்டன். தும்மல் எண்டு சொல்லிக் கண்ணைத் துடைச்சன்.

ஜூன் 30, திங்கள்

ஒரு சின்னக் கரைச்சல். இந்த மாதிரிப் பியர் வாங்கிற ஆக்கள் குடிச்ச உடன ஒரு இணையத்தளத்தில புள்ளி போடுவினமாம், புளிப்பு, கசப்பு எண்டு பந்தி பந்தியா எழுதுவினமாம். அக்‌ஷராவின்ர பியருக்கு ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்லை.

"நூற்றிருபது போத்தல் அம்மா. ஒருத்தனுக்குக் கூடவோ சொல்ல ஒண்டும் இல்லை?" எண்டு கேட்டாள். ஆறுதலாக் குடிப்பினம் பிள்ளை எண்டன். எங்கட சனம் உதுகளில எழுதுமோ?

ஜூலை 6, ஞாயிறு

ஐயோ.

இம்மாகுலேற் அக்காவின்ர பேரன் லவனுக்கு முதலாவது பிறந்தநாள். எபினேயில மண்டபம். அக்‌ஷராவும் வந்தாள், நான்தான் வா வா எண்டு கூட்டிக்கொண்டு போனனான். விசரி நான்.

மேசையளில விஸ்கி, ஃபன்ரா, அதுக்கு நடுவில கறுப்பு மெழுகு முத்திரை போட்ட போத்தல்கள். ஒண்டில்லை ரெண்டில்லை, மேசைக்கு நாலு. றோல்ஸுக்குப் பக்கத்தில. அக்‌ஷரா ஒண்டைத் தூக்கி முத்திரையைத் திருப்பிப் பாத்தாள்.

ரெஸ்ரோரன்ற் குசினியில வேலை செய்யிற ராதாகிருஷ்ணன் அண்ணை பிளாஸ்ரிக் கப்பில ஐஸ் போட்டு, பாதிக்குக் கொக்கா கோலா ஊத்தி, மிச்சத்துக்கு அவளின்ர பியரை ஊத்திக்கொண்டு வந்தார். "பிள்ளை, உன்ர பியர் திறம்! கொக்காவோட சொல்லி வேலையில்லை! அம்மா சொன்ன உடன நான் எங்கட ஷெஃபை அனுப்பினனான் தெரியுமோ?"

அவர் அன்பாத்தான் சொன்னவர்.

"நீங்களோ?" எண்டு என்னைப் பாத்துப் பிரெஞ்சில கேட்டாள். பிறகு தமிழில, ஒவ்வொரு சொல்லாச் சொன்னாள். "அது என்ன விலைக்குப் பெறும் எண்டு அறியிறதுக்கு எனக்கு ஒரு நாள்தான் இருந்தது அம்மா. அதை எடுத்துப்போட்டீங்கள்."

கேக் வெட்ட முதல் வெளிக்கிட்டிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

மரியானிட்டைத் தானே போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டாளாம். எழுதின கொந்த்ராவை ரெண்டு பேரும் சம்மதிச்சு மாத்திப்போட்டினமாம், நிரந்தரம் இப்ப இல்லை. நவம்பர் வரைக்கும் ஒரு தற்காலிகக் கொந்த்ரா. ரெண்டாவது பீப்பா வெளியில வந்தாப் பிறகு பாப்பினமாம். இதெல்லாம் இவருக்குச் சொன்னவள். எனக்கில்லை.

ஜூலை 23, புதன்

இம்மாகுலேற் அக்கா மிஞ்சின போத்தல் ஒண்டைக் கடையில கொண்டந்து தந்தா. நான் வாழ்க்கையில பியர் குடிச்சதில்லை. மத்தியானம் கடையில சனமில்லை. சரி, இந்தக் கோதாரியில என்னதான் இருக்கு எண்டு மெழுகு முத்திரையை உடைச்சு, தேத்தண்ணிக் கோப்பையில கொஞ்சம் ஊத்தினன்.

முதல் வாய்: சோயா சோஸ்! சீ. ரெண்டாவது வாய்: கருகின சீனி. பிறகு சிரட்டை எரிக்கிற மணம். பிறகு, விழுங்கி வெகுநேரத்துக்குப் பிறகு, நெஞ்சுக்குள்ள ஒரு சூடு. கடைசியில நாக்கில மரம் கைக்குது. நல்லமோ கூடாதோ எண்டு சொல்லத் தெரியேல்லை. இன்னொரு வாய் குடிச்சன். ஒவ்வொரு வாயும் வேற மாதிரி இருக்கு, அதென்ன எண்டு தேட வைக்குது.

இதைப் போய்க் கொக்காவில ஊத்திப்போட்டம்.

செப்டெம்பர் 3, புதன்

கோயில் தேர் முடிஞ்சு ரூ பஜோல் தெருவில இப்பவும் உடைச்ச தேங்காய்த் துண்டு கிடக்கு. தேரண்டைக்கு அக்‌ஷரா கடைக்கு வரேல்லை. எதிர்ப் பக்கத்தால கூட்டுக்காரியளோட போனதைக் கண்டனான். கை காட்டினாள். அவ்வளவும்தான்.

நவம்பர் 27, வியாழன்

சனிக்கிழமை ரெண்டாவது பீப்பா. விலை அதே இருபத்தெட்டாம். பிடிவாதக்காரி! இவர் சிரிக்கிறார், ஆரிட்டை இருந்து வந்தது எண்டு.

எல்லாருக்கும் போன் எடுத்தன். ஒருத்தரும் அந்தப் பக்கம் தலை காட்டப்படாது, ஆரையும் அனுப்பப்படாது எண்டு சொன்னன். இம்மாகுலேற் அக்காவுக்குக் கோவம். "முந்தி அனுப்பு எண்டாய். இப்ப அனுப்பாதை எண்டுறாய். எங்கட காசு செல்லாதோ?" எப்பிடி விளங்கப்படுத்திறது? அக்கா, உங்கட காசில பாசம் கூடிப்போச்சு, அதுதான் பிரச்சினை எண்டன். அவவுக்கு விளங்கேல்லை. எனக்கே இப்பத்தானே விளங்குது.

நவம்பர் 29, சனி

விடியத்தொட்டு மழை. இந்த மழைக்கை ஆர் வரப்போகினம்? ரெண்டு தரம் போனைத் தூக்கினன், ரெண்டு தரமும் வச்சன். வெண்டிக்காயைப் பிழையா நிறுத்துக் குடுத்து ஒருத்தியிட்டைப் பேச்சும் வாங்கினன்.

கடை பூட்டிற நேரம் அக்‌ஷரா வந்தாள். ஜூலைக்குப் பிறகு முதல் தரம். நனைஞ்சு போய் நிண்டாள்.

"பத்தொன்பது வித்தது" எண்டாள்.

இந்தமுறை தேவதையள் கூடக் குடிச்சு நூற்றிப்பத்துப் போத்தல்தான், அதில பத்தொன்பது. ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தன், அவள் விடேல்லை. லீல் நகரத்தில இருந்து ரயிலேறி ஒரு தாடிக்காரன் வந்தவனாம். குடிச்சுப் பாத்திட்டு, இது இருபத்தெட்டுக்குப் பெறாது, மரம் தூக்கலா நிக்குது எண்டானாம். இவள் விடேல்லையாம். பக்கத்தில நிண்டவை ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு, மழைக்கை போகாம, பின்னேரம் வரைக்கும் வாக்குவாதமாம்.

"என்னோட சண்டை பிடிச்சவன் அம்மா! முழுக்கக் குடிச்சிட்டுச் சண்டை பிடிச்சவன்!"

அவளின்ர முகத்தை நான் அப்பிடி எப்ப கண்டனான்? அந்த நூற்றிருபது வித்த அண்டைக்கும் இப்பிடியொரு சந்தோசம் இல்லை.

மரியான் என்ன சொன்னவ எண்டு கேட்டன். இன்னும் ஆறு மாசம் தாறாவாம். சனம் நிண்டு சண்டை பிடிக்கிற பியரைத் தான் ஒரு நாளும் காய்ச்சினதில்லை எண்டவவாம். விலையை மட்டும் சனத்தைக் கேட்டுக் கேட்டு நீயே முடிவெடு எண்டவவாம்.

எனக்கும் ஒரு போத்தல் தா எண்டன். "வாற சனிக்கிழமை வந்து வரிசையில நில்லுங்கோ" எண்டிட்டுப் போட்டாள்.

டிசம்பர் 6, சனி

போனன். எனக்கு முன்னால மூண்டு பேர், ஒருத்தரையும் தெரியாது. என்ர முறை வந்தது. "போன்ஜூர் மதாம்" எண்டாள், சிரிக்காம. சின்னக் கிளாசில கொஞ்சம் ஊத்தித் தந்தாள்.

"சொல்லுங்கோ. நீங்கள் என்ன விலை குடுப்பீங்கள்?"

"சூப்பர் பிள்ளை" எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. விழுங்கினன். பியரையும் ஆறுதலா விழுங்கினன்.

"சூடு நல்லாயிருக்கு. கடைசியில மரம் கைக்குது, அது கூடிப்போச்சு" எண்டன். "இருபது. அதுக்கு மேல நான் குடுக்கமாட்டன்."

பின்னால நிண்ட பெடியன் சிரிச்சான். அக்‌ஷரா சிரிக்கேல்லை. தானும் ஒரு வாய் குடிச்சாள். திரும்பிக் கரும்பலகையில இருந்த இருபத்தெட்டை அழிச்சு இருபத்துநாலு எண்டு எழுதினாள்.

"நான் இருபது எண்டெல்லோ சொன்னனான்?"

"கேட்டது அம்மா. இருபத்துநாலு."

இருபத்துநாலு யூரோவைக் குடுத்திட்டு ஒரு போத்தலோட வெளியில வந்தன்.