அன்று காலை நான் மைதானத்தில் இல்லை, சரோஜா அக்கா

என் பிரியத்துக்குரிய சரோஜா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையை நாலு வழியாக்கும் வேலை நம் பக்கமும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் முன்மதிலை இடித்து உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். வெளியே நின்ற புங்கமரத்தையும் வெட்டிவிட்டார்கள். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பள்ளிகொண்டா பக்கம். நல்ல உயரம், நீளமான கை. நீங்கள் பார்த்திருந்தால் அன்றைக்கே அவள் வீட்டு விலாசம் கேட்டிருப்பீர்கள்.

அந்தப் புங்கமரத்தடியில்தான் உங்களை முதலில் பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் ஓட்டக்காரி. வாலிபாலைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததோடு சரி. தலைமையாசிரியை ஒரு வலையையும் இரண்டு பந்துகளையும் கையில் கொடுத்து, "வட்டாரப் போட்டிக்கு டீம் போகணும் எஸ்தர்" என்று சொல்லிவிட்டார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பெண்கள் பந்தை அறைந்துகொண்டிருந்தார்கள்.

வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, அப்பிடி அறைஞ்சா பந்து பேரணாம்பட்டுக்குப் போய்டும்! ரெண்டு கையையும் சேத்துப் புடி. முட்டிய மடக்கு!"

திரும்பிப் பார்த்தேன். புடவைக்கு மேல் ஷூ கம்பெனியின் நீலக் கோட்டு, கையில் சாப்பாட்டுப் பை. வேனுக்காக நின்றிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பெண் முட்டியை மடக்கினாள். பந்து நேராக, அழகாக மேலே எழும்பியது. "உள்ள வாங்களேன்" என்றேன். "கேட்டுல வுடுவாங்களா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பத்தாவது வரைக்கும் மாவட்ட அணியில் ஆடியவர் நீங்கள். அதன் பிறகு ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தீர்கள். இருபது வருடம் பந்தைத் தொடவில்லை என்றீர்கள். ஆனால் அன்று நீங்கள் பந்தைத் தூக்கிக் கொடுத்தபோது உங்கள் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

தலைமையாசிரியை வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்தார். சம்பளம் இல்லை, கடிதம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்ல. காலையில பிராக்டீஸ் நடக்கும்போது நீ கண்டிப்பா கிரவுண்டுல இருக்கணும். பொறுப்பு உன்னோடது" என்றார். தலையாட்டினேன்.

ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிப்பீர்கள். ஏழே முக்காலுக்கு வேன். உங்கள் ஒரே ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் பெண்களின் வீடு வீடாகப் போனீர்கள். நஸ்ரீன் வீட்டுக்கு நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அவளுடைய அப்பா தோல் மண்டியில் வேலை செய்கிறவர். "அரை டவுசர் போட்டுக்கினு ஆடுறது எங்களுக்குச் சரிப்படாது" என்று கதவருகிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள். "பைஜாமா போட்டே ஆடட்டும் பாய். பந்துக்குத் துணியப் பத்தி இன்னா தெரியும்?" உள்ளேயிருந்து நஸ்ரீனின் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த திங்கட்கிழமை அவள் முழுக்கை சட்டையோடு வந்து நின்றாள். நம் அணியில் அவளைப் போல் சர்வீஸ் போட இன்னொருத்தி வரவில்லை.

முதல் வருடம் நான் தினமும் வந்தேன். இரண்டாம் வருடம் எனக்குக் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து திரும்பியபோது ஆறு மணிக்கு எழுந்து ஓடிவர முடியவில்லை. "நீங்க மெதுவா வாங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். மெதுவாக என்பது ஆறரை ஆனது, ஏழு ஆனது. பிள்ளை தவழத் தொடங்கிய பிறகும் ஏழேகாலுக்குத்தான் வந்தேன். வந்ததும் பதிவேட்டில் ஆறு மணி என்று கையெழுத்துப் போடுவேன். நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பந்துகளைப் பைக்குள் போடுவீர்கள்.

வலைக்கம்பம் அடியில் துருப்பிடித்து ஆடுகிறது என்று இரண்டு முறை சொன்னீர்கள். "எழுதிக் குடுக்கறேன்கா" என்றேன். எழுதிக் கொடுக்கவில்லை.

அது ஒரு மழைக்காலத்துக் காலை. முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. வலையை இழுத்துக் கட்டும்போது கம்பம் அடியோடு முறிந்து நஸ்ரீனின் வலது கைமேல் விழுந்தது. யாரோ ஒரு பெண்ணின் பரீட்சை அட்டையை அவள் முழங்கைக்குக் கீழே வைத்து, துப்பட்டாவால் சுற்றிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். நான் ஏழு இருபதுக்கு வந்தபோது மைதானத்தில் பெண்கள் கும்பலாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஏழே முக்காலுக்கு உங்கள் வேன் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் நாம் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. நஸ்ரீனின் அப்பா ஒரு நாற்காலியில், பள்ளி நிர்வாகி ஒரு நாற்காலியில். நிர்வாகி உங்களைக் காட்டி, "யார் இவங்க? யார் உள்ள விட்டது? அப்ப டீச்சர் எங்க இருந்தாங்க?" என்று கேட்டார்.

அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம். அது உங்களுக்குத் தெரியும். நான்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேனே.

"டீச்சர் அங்கதான் இருந்தாங்க சார். கம்பத்த சரியா பாக்காம வலய இழுத்தது நான்தான். தப்பு என்மேல" என்றீர்கள்.

சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தீர்கள். அக்கா, அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். நான் தரையைப் பார்த்தேன். "இனிமே இவங்க கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் நிர்வாகி. நீங்கள் பாயிடம் மட்டும், "பாப்பாவுக்கு வலி ஜாஸ்தியா இருந்தா டாக்டர் திரும்ப வரச்சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தீர்கள். என் வேலை நிரந்தரமாகும் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. வீட்டில் கேசரி கிளறினார்கள். நான் தொடவில்லை.

ஒன்றரை மாதம் போனது. நான் ஆறு மணிக்கே வந்தேன். புதுக் கம்பம் நட்டார்கள். பெண்கள் வந்தார்கள், ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அன்று எங்கே இருந்தேன் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும் அல்லவா? ஒருத்திகூட ஏன் வெளியே சொல்லவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நஸ்ரீனின் அம்மா என்னைத் தேடி வந்தார். கையெலும்பு கூடிவிட்டது என்று சொன்னார். பிறகு, "அந்தம்மாவ ஏன் நிறுத்திட்டீங்க டீச்சர்?" என்றார்.

"அது நிர்வாகத்து முடிவும்மா."

"நீங்க அன்னிக்கு இல்லன்னு அவங்கப்பா ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தவொடனே எம் பொண்ணு சொல்லிடுச்சு. அவரு திரும்பப் போய்க் கேக்கறேன்னு எழுந்தாரு. பொண்ணப் பாக்க வந்த அந்தம்மாதான் உக்கார வெச்சாங்க. டீச்சருக்குக் கைக்கொழந்த இருக்குது, வேலைய கெடுத்துடாதீங்க பாய்னு சொன்னாங்க. பொண்ணுங்களுக்கும் அதேதான் சொல்லி வெச்சிருக்காங்க. வாராவாரம் வந்து எம் பொண்ணுக்கு விரல மடக்கி நீட்டச் சொல்லிக் குடுக்கறாங்க. எங்களுக்கு அவங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல. உங்கள நெனச்சாதான் மனசு பேஜாரா இருக்குது."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போனதும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழேகால், பொய்க் கையெழுத்து, எழுதிக் கொடுக்காத கம்பம், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத சொல்ல உனக்கு ஒன்றரை மாசம் ஆச்சா?" என்றார். எனக்கு மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. தலைமையாசிரியை நிர்வாகியிடம் பேசி, உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வாங்கினார். 'வெளிப் பயிற்சியாளர்' என்று முதன்முதலாக எழுத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் கவிதா அப்போது ஆறாவது. மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள். கவிதாவைக் கடைக்கு அனுப்பினீர்கள். அவள் தெருமுனை தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நான் உனுக்காகப் பொய் சொன்னேன். அது என் இஷ்டம். ஆனா நீ 'இல்ல சார், அப்பிடி இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு நெனச்சேன். சொன்னாக்கூட நானே உன்ன அடக்கியிருப்பேன். ஒரு வார்த்த, எஸ்தரு. தொரத்தறாங்களேன்னு எனுக்கு அழுக வர்ல. நீ கீழ பாத்தியே, அதுக்குத்தான் ரோடு முழுக்க அழுதுகினு வந்தேன்."

அதுவரை என்னை 'டீச்சர், நீங்க' என்றுதான் கூப்பிட்டீர்கள். அன்று கோபத்தில் 'நீ' ஆனேன். அதன்பிறகு நான் உங்களுக்கு மறுபடியும் டீச்சர் ஆகவே இல்லை. அது என் பாக்கியம்.

"வர மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். பத்து நாள் வரவில்லை. பதினோராவது நாள் காலை வந்து நின்றீர்கள். "பொண்ணுங்களுக்காக வந்தேன்" என்று முறைத்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் கோர்ட்டுல எறங்கு. ஆடத் தெரியாதவ பக்கத்துல நின்னு இன்னா பிரயோஜனம்?" என்றீர்கள். முப்பது வயதில் பெண்களோடு வரிசையில் நின்று நான் அண்டர்ஹேண்ட் பழகினேன். என் கை சிவந்ததைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் அவர்களுக்கு என்மேல் இருந்த கசப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

அந்த வருடம் வேலூரில் நடந்த போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். நஸ்ரீன் கை அப்போதுதான் தேறியிருந்தது. ஆசிரியர் மட்டும்தான் பெஞ்சில் உட்காரலாம் என்று உங்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் உங்கள் கடிதத்தை நீட்டினேன், வாதாடினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு வந்த எட்டு வருடத்திலும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

நோய் தெரிந்தபோதே முற்றியிருந்தது. மூன்று மாதம்தான். உங்கள் காரியத்துக்கு இருபத்தாறு பெண்கள் வந்தார்கள், அக்கா. மேல்விஷாரத்தில் வாழ்க்கைப்பட்ட நஸ்ரீன் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். நர்ஸ் யூனிஃபார்மோடு ஒருத்தி டியூட்டியிலிருந்து அப்படியே வந்தாள். உங்கள் கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள், "சரோஜா ஏதோ ஸ்கூலுக்குப் போவும்னு தெரியும், இவ்ளோன்னு தெரியாது" என்று வியந்து நின்றார்கள்.

கவிதா மட்டும் எங்கள் யாரோடும் பேசவில்லை. போன மாதம் பள்ளிக்கு வந்தாள். நின்றபடியே கேட்டாள். "காலையில அஞ்சரைக்கு எங்கம்மா என்னத் தனியா வுட்டுட்டுப் போய்டுவாங்க. ஸ்கூலுக்கு நானே தல வாரிக்கினு போவேன். உங்க பொண்ணுங்களுக்கு எங்கம்மா கெடச்சாங்க, எனுக்குக் கெடைக்கல. அப்பிடி இன்னாதான் டீச்சர் இருந்துச்சு இங்க?"

உங்கள் அருமை பெருமைகளை அடுக்கினால் அவளுக்கு ஆறுமா? நடந்ததைச் சொன்னேன். கம்பம் விழுந்த காலை, அந்த அறை, நான் தரையைப் பார்த்தது, எதையும் விடவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது.

"எங்கம்மா இத எங்கிட்ட சொன்னதே இல்ல. எஸ்தர் சித்தி, எஸ்தர் சித்தின்னுதான் எப்பவும் சொல்வாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத எழுதுங்க. எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. உங்க பேரப் போட்டு எழுதுங்க."

பள்ளி ஆண்டு மலருக்கு விளையாட்டுத் துறை பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். வெற்றிப் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு இதைக் கொடுத்திருக்கிறேன். இப்போதைய தலைமையாசிரியை படித்துவிட்டு, "கட்டாயம் போடணுமா?" என்றார். "கட்டாயம்" என்றேன்.

அச்சானதும் முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கவிதா கையில் கொடுப்பேன். படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். போகச் சொன்னால் போய்விட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி வருவேன். என்றைக்காவது உள்ளே கூப்பிட்டால், அவளுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களுக்குத் தங்கச்சியாகவும்,
கவிதா மனது வைத்தால் அவளுக்குச் சித்தியாகவும் இருக்கிற,
எஸ்தர்