மாலை போட்ட குளம்

நல்லேப்பிள்ளி,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோகுல் அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்குப் பொருத்துகிறாள். இது அம்மாவின் கடிதம் அண்ணா, எழுதுவது மட்டும் செல்வப்பிரியா. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்று, அண்ணனுக்கு நீயே எல்லாத்தையும் எழுதீரு கண்ணு, நான் சொன்னேன்னு எழுது, எனக்குக் கோத்துச் சொல்ல வராது என்று சொல்லிவிட்டு, அப்பா வருகிற சத்தம் கேட்டதும் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மீதியை அப்பா தூங்கின பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். நாளைக்கு ஆனந்தகுமார் அண்ணன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறார், உனக்குக் கொடுத்துவிடுகிற பருப்புப் பொடி டப்பாவுக்குள் இதை வைக்கிறோம். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைப்பதால் எங்களால் ஒன்றும் பேச முடிவதில்லை, நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்று சொன்னதெல்லாம் அதனால்தான். அப்பா உள்ளே தூங்குகிறார். நான் சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊர்ச் செய்தி என்றால், நம் மேட்டுக் காட்டுத் தென்னையில் இந்த வருஷம் குரும்பை நிறைய உதிர்கிறது, கறவை மாடு சினையாக இருக்கிறது, கால்வாயில் முறைத் தண்ணீர் இன்னும் விடவில்லை. அதெல்லாம் அம்மா எழுதச் சொன்னது. எழுத வேண்டியது மீன்குளத்தைப் பற்றி. நீ போன பிறகு அப்பா களத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துப் படுதாக்குளம் போட்டார் அல்லவா, அதில் கார்த்திகையில் ரோகு மீன் குஞ்சு விட்டார். மீன் ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற மலையாளத்து ஷிஜி அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி கடலைப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் மூன்றையும் கஞ்சியில் பிசைந்து உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து இறக்குவோம். குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். அப்பா அதுகளை நம்ம புள்ளைக என்றுதான் சொல்லுவார். நெல்லுக்குத் தண்ணீர் இல்லாமல் போன பிறகு அவர் சிரித்ததை நான் அந்தக் குளத்தங்கரையில்தான் பார்த்தேன்.

மார்கழி கடைசியில் பழனிக்கு மாலை போட்டார். மாலை போட்டால் வீட்டில் கவுச்சி கூடாது, அது நமக்குப் புதிதில்லை. ஆனால் இந்த வருஷம் கருவாட்டுத் தூளும் கவுச்சிதானே என்று மூட்டையைத் தூக்கி வெளியே கொடுத்துவிட்டார். மாலை போட்டவன் கையால் கருவாட்டை அள்ளி நம் குளத்தில் போடக்கூடாது, வித்த பிறகு அதை எவனோ தின்னட்டும், நம்ம ஊட்டில் இருக்கிற வரைக்கும் அதுகளும் நம்ம மாதிரி இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து புண்ணாக்கும் தவிடும் மட்டும்தான். வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் இது தெரிந்து, ஏனுங் மாமா, மீனுக்கும் மாலை போட்டு உட்டுட்டீங்களாமா, அடுத்த வருசம் அதுகளையும் பழனிக்கு நடத்திக் கூட்டிட்டு வாங்க என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். அப்பா வீட்டில் வந்து சொல்லி அவரே சிரித்தார். அப்போது நாங்களும் சிரித்தோம்.

பூசம் நெருங்கும்போது குஞ்சுகள் வளராமல் அப்படியே நின்றுவிட்டன. துடுப்பு ஓரமும் வால் ஓரமும் பழைய துணி மாதிரி கிழிந்தது. பிறகு கண் வெளுக்க ஆரம்பித்தது அண்ணா. கருமணிக்கு மேல் பால் ஊற்றின மாதிரி. உருண்டை பக்கத்திலேயே இருந்தாலும் தெரியாமல் தட்டில் முட்டிக்கொண்டு போகும். அப்பா ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு, விரதத்தில் ஏதோ குத்தம் நடந்திருக்குது என்றார். பழனிக்கு நடந்து போய் வந்தவர் மாலையைக் கழற்றவில்லை. பங்குனி உத்திரம் வரைக்கும் நீட்டியிருக்கிறார். ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், கன்னம் ஒட்டிவிட்டது. குஞ்சு நோகிறது என்று விரதத்தை இறுக்குகிறார், விரதத்தை இறுக்க இறுக்கக் குஞ்சு நோகிறது. அம்மா உருண்டையில் வேகவைத்த சத்துமாவு கலந்தபோது கடை மாவில் முட்டைத் தூள் இருக்குமோ என்று அதையும் கொட்டிவிட்டார்.

ஷிஜி அக்கா வந்து பார்த்ததும் சொல்லிவிட்டாள். புரதம் என்பது ஒரே பொருள் இல்லை, பல அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்வது, அதில் சிலதை மீன் தன் உடம்பில் உண்டாக்காது, தீனியில்தான் வர வேண்டும், குஞ்சாக இருக்கும்போது அதிகமாக வேண்டும். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய உண்டு, ஆனால் லைசினும் மெத்தியோனினும் குறைவு. லைசின் குறைந்தால் வால் கிழியும், மெத்தியோனின் குறைந்தால் கண் வெளுக்கும். எங்கள் பயாலஜி புத்தகத்திலும் அமினோ அமிலம் இருக்கிறது, கண் வெளுப்பது மட்டும் இல்லை. அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்று அவர் கழுத்தைக் காட்டி, சேட்டா, அந்த மாலையில ஒரு ஜாதி மணி தீர்ந்து போனா மத்த மணி எத்தனை இருந்தாலும் கோக்க முடியுமோ, அங்கேயே நின்னு போகும், அதுபோலத்தான் என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பா துண்டை இழுத்து மாலையை மூடிக்கொண்டார். குளத்து மண்ணில் பூச்சி பாசி இருந்தால் அதையாவது தின்று சமாளிக்கும், தார்ப்பாயில் ஒன்றும் முளைக்காது, நாம் போடுகிறதுதான் அதுகளுக்கு எல்லாம் என்றும் சொன்னாள்.

அடுத்த முறை வரும்போது ஒரு பொட்டலம் வெள்ளைப் பவுடர் கொண்டுவந்தாள். அதுதான் மெத்தியோனின். இது மீனும் இல்ல எறச்சியும் இல்ல, கம்பெனியில உண்டாக்குறது, விரதத்துக்கு ஒரு குழப்பமும் இல்ல, கஞ்சியில நல்லா பிசைஞ்சு போடுங்க, சும்மா தூவினா தண்ணியில கரைஞ்சு போகும் என்றாள். அப்பா நம்பித்தான் வாங்கினார் அண்ணா. பிரித்து மோந்து பார்த்தார். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, கெட்ட முட்டை மாதிரி ஒரு நாற்றம். அதில் கந்தகம் இருக்கிறது, அதன் வாசம்தான் அது. அப்பா முகம் அப்படியே மாறிவிட்டது. ஏனுங் புள்ள, கவுச்சிய எங்கையில குடுத்துட்டுக் கவுச்சி இல்லைங்கறீங்களே என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, ஏமாந்தவர் மாதிரி கேட்டார். பொட்டலத்தை வாழைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டுத் தலைக்குக் குளித்தார். மாலை கழட்டுகிற வரைக்கும் வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டே, மாலை கழட்டும்போ குளத்துல மீன் காணாது சேட்டா என்றாள். அப்பா கேட்காத மாதிரி புண்ணாக்கை உடைக்கப் போனார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வழி செய்தாள். கடையில் மீல்மேக்கர் வாங்கி ஊறவைத்து அரைத்து உருண்டையில் கலந்தாள். சோயாதானே, குழம்பில் போடுகிறதுதானே என்று அப்பாவும் விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் வால் கிழிவது நின்றது. கண் வெளுப்பது நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஷிஜி அக்காவைப் பார்த்துக் கேட்டேன். சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் போதாது, அது எள்ளில் உண்டு, சோயாவோடு எள்ளுப் புண்ணாக்கையும் சேர்த்தால் அதில் இல்லாததை இது கொடுக்கும் என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கருவாடு வேண்டாம், பவுடர் வேண்டாம், சந்தையில் மாட்டுக்கு விற்கிற புண்ணாக்குதான். ஓடி வந்து சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். அப்பா, குளத்துல எள்ளு போடலாம்ப்பா, எல்லாம் சரியாயிரும் என்று.

அன்றைக்கு அமாவாசை. அப்பா காலையில்தான் ஆற்றுக்குப் போய்ச் செத்துப்போன தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்திருந்தார். கைவிரலில் ஒரு எள் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவர் என்னையே பார்த்தார். உசுரோட இருக்கறதுகளுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கச் சொல்றயா சாமி என்றார். அவ்வளவுதான். நான் புண்ணாக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போது குளத்தின் மேலே வெள்ளையாகக் கிடந்தது. பாதிக் குஞ்சு செத்திருக்கும் அண்ணா. விடியற்காலையில் குளத்துத் தண்ணீரில் காற்று குறையும், சத்து இல்லாத உடம்பு தாங்காது, அதனால்தான் என்று எனக்குத் தெரியும். அப்பா சாந்துச் சட்டியில் அள்ளி அள்ளித் தென்னங்குழியில் போட்டார். நான் சட்டியைப் பிடிக்கப் போனேன், நீ வராதே என்று கையைக் காட்டினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அம்மாவிடம் மட்டும் மெதுவாக, இவளுக்குக் கரிநாக்கு, சொன்னது பலிச்சிருச்சு என்றார். அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. நான் இருக்கிற அறைக்கு வந்தால் திரும்பிப் போகிறார். சினை மாட்டை நான் தொடக்கூடாது என்று கயிற்றை மாற்றிக் கட்டியிருக்கிறார். அண்ணா, அப்பா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது. நாலு நாளாக நான் வீட்டில் வாய் திறப்பதில்லை. உப்பு வேண்டும் என்று கேட்கவும் பயம். பாடத்தில் இப்படி ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த வெள்ளையைப் பார்த்த பிறகு நான் எதையாவது சொல்லி அது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் காந்தலூரில் சித்தி வீட்டில் விடப்போகிறார். உத்திரம் முடிகிற வரைக்கும் அங்கே இருக்கட்டும், குளுகுளுன்னு இருக்கும், ஆப்பிள் மரமெல்லாம் இருக்குது, புள்ளைக்கும் நல்லது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் எனக்குப் பிளஸ் ஒன் பரீட்சை. அம்மா அதைச் சொன்னதற்கு, அடுத்த வருசம் எழுதிக்கலாம், பரீட்ச எங்க ஓடிப்போகுது என்றாராம். நம் பெரியப்பா மகள் சிவசங்கரி அக்காவும் பத்தாவது முடித்து ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் காந்தலூருக்குப் போனாள், திரும்பி வந்தது கல்யாணப் பத்திரிகை கொடுக்கத்தான். அம்மா இரண்டு முறை அப்பாவிடம் பேசிப் பார்த்தாள். மூன்றாவது முறை அவர், சாமி காரியத்துல நீயும் எதிரா நிக்கறயா என்று கேட்ட பிறகு அம்மாவும் பேசுவதில்லை. என் துணியை மடித்துப் பையில் வைக்கிறாள், பிறகு எடுத்து அலமாரியில் வைக்கிறாள்.

அதனால் அம்மா சொல்லச் சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது நீயாகப் பேச்செடுக்க வேண்டும். உன் கூட வேலை செய்கிற யாரோ ஊரில் மீன் வளர்க்கிறார்கள், அவர்கள் சோயாவும் எள்ளுப் புண்ணாக்கும் போடுகிறார்கள் என்று சொல். எள் என்று முதலில் சொல்லாதே, மாட்டுக்குப் போடுகிற புண்ணாக்கு என்று ஆரம்பி, செக்கில் ஆட்டிய பிறகு அது எள்ளே இல்லை என்று சொல். மாலையைக் கழற்று என்று மட்டும் சொல்லிவிடாதே, அது வேண்டாம், அவர் விரதம் அவருக்கு நல்லபடியாக முடியட்டும் என்று அம்மா கண்டித்துச் சொல்கிறாள். பிறகு, பிரியாவுக்குப் பரீட்சை எப்போது என்று நீயே கேள். நீ கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா. கடிதம் வந்தது என்று காட்டிக்கொள்ளாதே. வெளுத்த கண் இனித் திரும்பாது என்று ஷிஜி அக்கா முன்பே சொல்லிவிட்டாள். தெளிந்த கண்ணோடு இன்னும் கொஞ்சம் குஞ்சு அடியில் சுற்றுகின்றன, அதுகளுக்கு மட்டுமாவது. நீ சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் கேட்டேன், அம்மா கழுவி வைத்த சொம்பையே மறுபடி கழுவப் போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹோட்டல் புரோட்டாவையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, வாரத்தில் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. பருப்புப் பொடியில் இந்த முறை பூண்டு போடவில்லை, விரத வீடு என்பதால், கோபித்துக்கொள்ளாதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், முருகன் உன் கூடவே இருப்பான் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள்.

கீழே என் பேரைப் போடப் போனேன். தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி அம்மா எழுந்து வந்து, உன்ற பேரு வேண்டாம், ஒருவேளை இது அவர் கையில கெடைச்சா நீ எழுதுனதுல இன்னும் என்னென்ன பலிக்குமோன்னு பயந்துக்குவாரு, என் பேரைப் போடு, என்னைக் கேக்கட்டும் என்றாள். என் கையெழுத்து அப்பாவுக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னேன். தெரிஞ்சாத் தெரியட்டும், போடு என்று சொல்லிவிட்டு நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமாத்தாள்